'மற்றும் குழுவினர்' என்றால் யார்? வில்லுப்பாட்டு மேடையில் பெயர் இல்லாமல் பாடுகிறவர்கள்

கோயில் கொடை நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்டைக்காடு, குளச்சல், திங்கள்நகர், இரணியல் பக்கம் எந்த ஊர்க் கோயில் நோட்டீஸாக இருந்தாலும் சரி. பந்தல் போட்டவர் பெயர் இருக்கும். மைக் செட் யாருடையது என்று செல்போன் எண்ணோடு இருக்கும். அன்னதான உபயம், பூ உபயம், வாணவேடிக்கை உபயம் என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. 'இரவு வில்லிசை' என்ற வரிக்கு வந்தால் மட்டும் ஒரே ஒரு பெயர்தான். அதற்குப் பின்னால் இரண்டு சொல்: 'மற்றும் குழுவினர்'.

அந்த இரண்டு சொல்லுக்குள் நாலு பேரோ ஏழு பேரோ இருக்கிறார்கள். உடுக்கை அடிப்பவர், குடம் அடிப்பவர், தாளம் போடுபவர், கட்டை தட்டுபவர், விடிய விடியப் பின்பாட்டுப் பாடுபவர். ஒலிபெருக்கி வைத்தவருக்குக் கிடைக்கும் ஒரு வரி, அந்த ஒலிபெருக்கியில் பாடுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?' என்று கேட்கலாம். பெயர் போடாவிட்டால் பாட்டு நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் பெயர் எழுதாத குழுவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதை, நமக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் ஊரின் கதை தெளிவாகக் காட்டுகிறது. அதனால் முதலில் நியூயார்க் போய்விட்டு வருவோம்.

பின்பாட்டின் பெயரையே வைத்துக்கொண்ட இசை

டூ-வொப். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களில் வளர்ந்த ஒரு பாட்டு வகை. நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் போன்ற ஊர்களில் கறுப்பின இளைஞர்கள், பிறகு போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்கள், தெருமுனையில் நின்று பாடிய பாட்டு. கிட்டாரோ பியானோவோ வாங்கக் காசு இல்லை. என்ன செய்வார்கள்? வாயையே வாத்தியமாக்கினார்கள். நாலைந்து பேர் சேர்வார்கள். ஒருவர் முன்பாட்டு. அடிக்குரலில் ஒருவர் 'டும் டும்' என்று பேஸ் கிட்டார் வேலையைப் பார்ப்பார். மற்றவர்கள் இடையில் பொருளே இல்லாத ஒலிகளைச் சேர்த்துப் பாட்டை நிரப்புவார்கள். மாடிப்படி, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடக் கழிவறை என எதிரொலி எங்கே நன்றாக வருமோ அங்கேதான் ஒத்திகை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'டூ-வொப்' என்பதே பின்பாட்டுக்காரர்கள் போட்ட பொருளில்லாத ஒலிகளில் ஒன்று. அதாவது ஒரு முழு இசை வகைக்கும் பெயர் கொடுத்தது பின்வரிசை. ஆனால் காசும் புகழும் போனது முன்வரிசைக்கு. சரியாகச் சொன்னால், முன்வரிசைக்கும் முழுசாகப் போகவில்லை.

ஐந்து பையன்கள், ஒரு பாட்டு, நாற்பது வருட வழக்கு

1955 வாக்கில் நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டம். ஹெர்மன் சான்டியாகோ, ஜிம்மி மெர்ச்சண்ட், ஜோ நெக்ரோனி, ஷெர்மன் கார்ன்ஸ் ஆகிய நாலு பேர். பிறகு வந்து சேர்ந்தவன் ஃபிராங்கி லைமன். எல்லாரையும் விடச் சின்னவன். முதலில் முன்பாட்டுப் பாடியவர் சான்டியாகோதான். பதிவுக்கான தேர்வில் லைமனின் குரலைக் கேட்ட பிறகு வரிசை மாறியது.

1956 ஜனவரியில் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளியானது. அப்போது லைமனுக்கு 13 வயது. அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை ஏறியது, பிரிட்டனில் முதலிடம். அந்த முதல் தட்டில் குழுவின் பெயர் எப்படி இருந்தது தெரியுமா? 'தி டீனேஜர்ஸ்' முதலில், அதற்குப் பிறகுதான் 'இதில் ஃபிராங்கி லைமன்'. பாட்டு ஹிட் ஆனதும் பெயர் திரும்பிக்கொண்டது. 'ஃபிராங்கி லைமன் மற்றும் டீனேஜர்ஸ்'. நம்ம நோட்டீஸில் இருக்கும் அதே 'மற்றும்' இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது இன்னும் மோசம். பாட்டை எழுதியவர்கள் யார் என்ற இடத்தில், காலப்போக்கில் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயர் லைமன் பெயரோடு நின்றது. பிறகு அந்த இடத்துக்கு இசை நிறுவன முதலாளி மோரிஸ் லெவியின் பெயர் வந்தது. சான்டியாகோவும் மெர்ச்சண்டும் இல்லை. 1957-இல் லைமனைக் குழுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பாட வைத்தார்கள். அதற்குப் பிறகு லைமனும் எழவில்லை, டீனேஜர்ஸும் எழவில்லை. 1968-இல் 25 வயதில் போதைப்பொருளால் லைமன் இறந்துபோனார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. 1981-இல் டயானா ராஸ் அதே பாட்டைத் திரும்பப் பாடினார், மறுபடி ஹிட். பணம் வந்ததும் கேள்வியும் வந்தது. லைமனின் மனைவி நான்தான் என்று மூன்று பெண்கள் நீதிமன்றம் போனார்கள். இன்னொரு பக்கம் சான்டியாகோவும் மெர்ச்சண்டும், 'பாட்டை உருவாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு' என்று 1987-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. இருவரும் லைமனோடு சேர்ந்து எழுதியவர்கள்தான் என்றது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 'நீங்கள் எழுதவில்லை' என்று அது சொல்லவில்லை. 'தாமதமாக வந்தீர்கள்' என்றது. இணை ஆசிரியர் உரிமையைக் கேட்க மூன்று வருடம்தான் அவகாசம், அது எப்போதோ முடிந்துவிட்டது என்பதுதான் தீர்ப்பு.

நெக்ரோனியும் கார்ன்ஸும் அந்த நாளைப் பார்க்கவே இல்லை. இருவரும் 1970-களிலேயே போய்விட்டார்கள்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். பாடிய அன்றைக்கு ஒரு துண்டுத் தாளில் பெயரை ஒழுங்காக எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, நாற்பது வருடம் கழித்து உயர் நீதிமன்றங்கள் உட்கார்ந்தும் முடியவில்லை.

'ஆமா' சும்மா வருவதில்லை

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம்.

வில்லுப்பாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டிவியில் பார்த்த ஒரு படம்தான். நடுவில் ஒருவர் கதை சொல்வார், பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். மீம் போடுகிறவர்களுக்கு அந்த 'ஆமா' ஒரு டெம்ப்ளேட். யோசிக்காமல் தலையாட்டுகிறவரைக் கிண்டல் செய்யக்கூட 'ஆமாம் சாமி' என்போம். ஆனால் வில்லடி மேடையில் வரும் 'ஆமா' தலையாட்டல் இல்லை, அது ஒரு வேலை.

மேடை அமைப்பைப் பாருங்கள். ஓர் ஆளை விட நீளமான வில், அதில் கட்டிய மணிகள். வில்லைத் தாங்குவது ஒரு பெரிய மண்குடம். நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுகிறவர் புலவர், அல்லது அண்ணாவி. குடக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், மறு கையால் குடத்தின் வயிற்றைத் தட்டுவார். உடுக்கை ஒருவர், தாளம் ஒருவர், கட்டை ஒருவர். இப்போது பல குழுக்களில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்திருக்கின்றன. உட்காரும் பக்கத்தை வைத்து வலத்தே பாடுபவர், இடத்தே பாடுபவர் என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

புலவர் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார். குழு அதை வாங்கித் திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில் புலவருக்கு மூச்சு கிடைக்கிறது, அடுத்த அடியை நினைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. வசனம் வரும்போது பின்பாட்டுக்காரர் நடுவில் புகுந்து கேள்வி கேட்பார். 'அப்புறம் என்ன ஆச்சு?', 'அந்தப் பொண்ணு யாரு?' இது யாருக்காக? பந்தலில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்காக. நாம் கேட்க நினைப்பதை நம் சார்பில் அவர் கேட்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டம் கலையாமல் இருக்கிறது என்றால் அதில் பாதி அவருடைய சாமர்த்தியம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தென்மாவட்டக் கொடைகளில் வில்லுப்பாட்டு ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியாக வந்ததில்லை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என எந்தக் கோயிலோ அந்தச் சாமியின் கதையைப் பாடுவது வழிபாட்டின் ஒரு பகுதி. பிறந்த கதை, அலைந்த கதை, கொலையுண்ட கதை, சாமியான கதை என்று பாட்டு போகும். சரியான இடம் வரும்போது உடுக்கையும் குடமும் வேகம் பிடிக்கும், கோமரத்தாடிக்கு அருள் வரும். அந்த நொடியில் புலவரின் சொல் மட்டும் போதாது. குடக்காரர் கை அரை நொடி பிந்தினாலும் அந்த ஏற்றம் வராது. சாமியை வரவழைக்கும் வேலையில் பாதிப் பங்கு குடத்துக்கும் உடுக்கைக்கும் என்பது கொடை பார்த்து வளர்ந்த யாருக்கும் தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஏட்டில் இருக்கும் கதையோடு நிறுத்தாமல், மேடையில் அது எப்படி நிகழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. வில்லுப்பாட்டைப் புரிந்துகொள்ள அப்படித்தான் பார்க்க வேண்டும். கதை ஏட்டில் இருக்கலாம், பாட்டு குழுவில்தான் இருக்கிறது.

சரித்திரத்தில் யார் பெயர் இருக்கிறது?

கூகுளில் வில்லுப்பாட்டு என்று தட்டுங்கள். வரும் பெயர்கள் பெருமைப்பட வேண்டியவை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், கொடைப் பந்தலில் இருந்த வில்லைச் சினிமாவுக்கும் அரசியல், சமூக மேடைக்கும் கொண்டுபோனார். அவரால் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம், காந்தி கதை முதல் அன்றாடப் பிரச்சினை வரை வில்லில் பாடி, வானொலி, தொலைக்காட்சி வழியாகத் தமிழ்நாடு முழுக்க அந்த ஒலியைக் கேட்க வைத்தார். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, 2022 அக்டோபரில் மறைந்தார். அவரோடு மேடையேறிய மகள் பாரதி திருமகன் இன்று அந்தப் பாட்டைத் தொடர்கிறார்.

நம்ம மாவட்டத்துப் பூங்கனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஆண்களே வில் முன்னால் உட்கார்ந்த காலத்தில், சின்ன வயதிலேயே வீசுகோலைக் கையில் எடுத்த பெண். பல பத்தாண்டுகள் கொடைகளில் பாடியவர். முதுமையில் கிட்டத்தட்ட எல்லாரும் மறந்துபோன நிலையில் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில்தான் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின. 2018 நவம்பரில், 80 வயதைத் தாண்டி, மறைந்தார்.

கவனியுங்கள். பூங்கனி குழுவின் தலைமைப் பாடகி. அந்தக் காலத்தில் தெருவெல்லாம் தெரிந்த பெயர். அவரையே நாம் மறக்கப் பார்த்தோம், கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவர் பெயராவது நோட்டீஸில் இருந்தது. அப்படியானால் அவர் காலத்தில் வில்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாழ்க்கை முழுக்கப் பாடிய நூற்றுக்கணக்கான பேரை எந்தத் தாளில் தேடுவது?

இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வில்லுப்பாட்டு அழிகிறது, காப்பாற்றுங்கள் என்று வருடா வருடம் எழுதுகிறோம். காப்பாற்ற வேண்டியது ஒரு கலை மட்டும் இல்லை, அதைச் செய்கிற ஆட்களின் பெயர்ப் பட்டியல். பெயர் இல்லாதவருக்கு விருது கிடைக்காது, ஓய்வூதியம் கிடைக்காது, அவர் பிள்ளைக்கு 'எங்க அப்பா கலைஞர்' என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அப்படி இருக்கும்போது அடுத்த தலைமுறை ஏன் குடத்தைத் தொடும்?

புலவர்தானே எல்லாம்?

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கதை முழுக்கத் தெரிந்தவர் புலவர். கோயில் கமிட்டியோடு பேசி அட்வான்ஸ் வாங்குகிறவர், ஆட்களைத் திரட்டுகிறவர், வேன் பிடிக்கிறவர், மழை வந்து நிகழ்ச்சி ரத்தானால் நஷ்டத்தைத் தாங்குகிறவர் எல்லாம் அவர்தான். ஊர் அவர் பெயருக்காகத்தான் கூப்பிடுகிறது. அதனால் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதில் தப்பு இல்லை.

சரிதான். அவர் பெயரைச் சின்னதாக்கச் சொல்லவில்லை. கீழே இன்னும் ஐந்து பெயர் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். சினிமா போஸ்டரில் ஹீரோ பெயர் பெரிசாக இருக்கும், கீழே ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயர் இருக்கும். அதனால் ஹீரோ குறைந்துபோனாரா என்ன?

இரண்டாவது மறுப்பு: 'குழுவில் ஆள் மாறிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு இந்தக் குடக்காரர், நாளைக்கு வேற ஆள். சீசன்ல ஒருத்தரே மூணு குழுவுக்குப் போவாரு. யார் பெயரைப் போடுறது?' உண்மை. அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். மாறாத குழு என்றால் பத்து வருடம் கழித்துக்கூட விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். மாறுகிற குழுவில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்பது அன்றைக்கு எழுதினால்தான் தெரியும். டூ-வொப் குழுக்களும் அப்படித்தான் ஆள் மாறின. விளைவு, அசல் ஆள் ஒருவர்கூட இல்லாமல் பழைய பெயரை வைத்துக்கொண்டு கச்சேரி செய்யும் போலிக் குழுக்கள் அங்கே கிளம்பின. அவற்றைத் தடுக்க 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

மூன்றாவது, சொல்லப்படாத ஒரு மறுப்பு உண்டு. 'அவங்களே கேட்கல, உனக்கு என்ன?' கேட்காததற்குக் காரணம் ஆசை இல்லாதது இல்லை. கேட்டால் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்களா என்ற யோசனை. தினக்கூலி வாங்கும் யாருக்கும் இது புரியும். கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் நம் தலைமுறைக்கு இன்னும் நன்றாகவே புரியும். ராத்திரி உட்கார்ந்து நாம் செய்த பிரசன்டேஷனை மறுநாள் மேனேஜர் தன் பெயரில் காட்டும்போது நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அப்போது பாட்டு எழுதியவருக்கு உரிமை உண்டு, மேடையில் நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை இல்லை. 1994 திருத்தம்தான் 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது.

எளிமையாகச் சொன்னால் மூன்று விஷயம். ஒன்று, பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாருமே சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர்தான். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் அங்கே இல்லை. இரண்டு, அவர்களுடைய அனுமதி இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வணிகமாகப் பயன்படுத்துவது உரிமை மீறலாகும். அந்த உரிமை 50 வருடம் நிற்கும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பிரிவு 38பி. 'இது நான் நிகழ்த்தியது' என்று அடையாளம் காட்டப்படும் உரிமை ஒவ்வொரு நிகழ்த்துநருக்கும் உண்டு. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது கூடவே இருக்கும். நிகழ்ச்சி பயன்படுத்தப்படும் விதத்தால் பெயர் சொல்லவே முடியாத சூழல் என்றால் மட்டும் விலக்கு.

இப்போது யூடியூப் திறந்து ஏதாவது ஒரு கொடை வில்லிசை வீடியோவைப் பாருங்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், பாகம் ஒன்று, பாகம் இரண்டு. வளைகுடாவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து அதைப் போட்டுக் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் விவரணைப் பகுதியில் என்ன இருக்கிறது? சேனல் பெயர், ஸ்டூடியோ பெயர், 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க'. பாடியவர்? 'இன்னார் மற்றும் குழுவினர்'. விவரணைப் பெட்டியில் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது. 'இடமில்லை, போட முடியவில்லை' என்ற சாக்கு அங்கே செல்லாது. பெயர் போடுவதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

இதற்காக யாரும் குடக்காரரைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வழி எவ்வளவு நீளம் என்று நியூயார்க்கில் பார்த்துவிட்டோம். சட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் கேட்கிறவருக்குத் தைரியம் வரும், போடுகிறவருக்குப் பொறுப்பு வரும். அவ்வளவுதான்.

பெயர் என்றால் வெறும் பெயர் இல்லை

'பேர் போட்டா வயிறு நிறையுமா?' என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நேரடியாக நிறையாது. ஆனால் நம்ம ஊரில் பெயர் எங்கெல்லாம் பணமாக மாறுகிறது என்று பாருங்கள்.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. உதவி பெற உறுப்பினராகப் பதிய வேண்டும். கலைஞர் என்று பதிய, கலைஞர் என்று காட்ட வேண்டும். மாவட்டக் கலை மன்றங்கள் வழியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதை வைத்து விருதுகள் கொடுக்கிறார்கள். அதற்கும் மேலே கலைமாமணி. எல்லாமே தனி ஆளுக்குத்தான். 'குழுவினர்' என்ற பெயரில் யாரும் விண்ணப்பம் போட முடியாது. முப்பது வருடம் பாடியதற்கு ஒரு நோட்டீஸில்கூடப் பெயர் இல்லாத பின்பாட்டுக்காரர், தான் கலைஞர் என்பதற்கு எதைக் காட்டுவார்? தொண்டையையா?

2020-இல் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. கரோனா ஊரடங்கில் கொடைகள் நின்றன. கொடை இல்லையென்றால் வில்லிசைக் குழுவுக்கு அந்த வருட வருமானமே இல்லை. அரசு நிவாரணம் நல வாரிய உறுப்பினர்கள் வழியாகத்தான் போனது. பட்டியலில் இருந்தவருக்குக் கொஞ்சமாவது வந்தது. பட்டியலில் இல்லாதவர், அரசுக் கணக்கில், கலைஞரே இல்லை.

டீனேஜர்ஸ் கதையின் கடைசி வரியும் இதையே சொல்கிறது. 1993-இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள், முழுக் குழுவாக. மரியாதை திரும்பி வந்துவிட்டது. ராயல்டி வரவில்லை. பெயர் தாமதமாக வந்தால் மாலைக்கு உதவும், மருந்துக்கு உதவாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நாலு பேர் நாலு சின்ன வேலை செய்தால் போதும்.

கோயில் கமிட்டிகள்: நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் புலவரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. 'அண்ணாச்சி, உங்ககூட வர்றவங்க பேரும் என்ன வாத்தியம்னும் அனுப்புங்க.' வில்லிசை வரிக்குக் கீழே ஒரு வரி கூடும். மைக் செட்டுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும். நோட்டீஸ் அடித்த பிறகு ஆள் மாறினால் மேடையில் அறிவித்துவிடலாம்.

புலவர்கள்: பல மூத்த புலவர்கள் பாட்டின் தொடக்கத்திலேயே குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார்கள். சபைக்கு வணக்கம் சொல்வதோடு சேர்ந்த அழகான வழக்கம் அது. அவசர அவசரமாக இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் இன்றைய நிகழ்ச்சியிலும் அந்த ஒரு நிமிடத்தை வெட்ட வேண்டாம். அது பதிவாகும்போது அதுவே ஆவணம்.

வீடியோ போடும் சேனல்கள்: விவரணையில் எல்லார் பெயரும், ஊரும், எந்தக் கோயில், எந்தத் தேதி, எந்தக் கதை என்பதும். இதை ஒழுங்காகச் செய்தால் இன்னும் பத்து வருடத்தில் உங்கள் சேனல்தான் கன்னியாகுமரி மாவட்ட வில்லுப்பாட்டின் பெரிய ஆவணக் காப்பகமாக இருக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலையை நீங்கள் செய்திருப்பீர்கள்.

நாம்: ஊருக்கு வருடத்துக்கு ஒரு தடவை கொடைக்குப் போகிறோம். மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கோ, சொந்தக் குடும்பக் கோயிலுக்கோ. போனதும் பதினைந்து நொடி ரீல்ஸ் எடுக்கிறோம். குடத்தில் விழும் அடியை குளோஸ்-அப்பில் எடுத்தால் லைக்ஸ் வரும் என்று நமக்குத் தெரியும். அடுத்த தடவை எடுத்து முடித்ததும் அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் போய், 'அண்ணே, உங்க பேரு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேப்ஷனில் அதைப் போடுங்கள். ஊர்ப் பெயரோடு.

புலவர் பெயர் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். மற்ற ஐந்து பேரின் பெயர் எங்கேயாவது எழுதப்படுவது, பெரும்பாலும் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.